சூரை முள்ளில் மாட்டிய காப்பிப்பொடிப் பட்டு

முந்தானைதான் முதலில் மாட்டியது. என்னவென்று பார்க்கத் திரும்பினேன். திரும்பிய வேகத்தில் கொசுவமும் போய் மாட்டிக்கொண்டது.

சூரைப் புதர். அந்த முள் நேராக இருக்காது, பூனை நகம் மாதிரி வளைந்திருக்கும். முன்னால் நகர்ந்தால் ஒன்று பிடிக்கும், பின்னால் நகர்ந்தால் இன்னொன்று பிடிக்கும். நூல் புடவையாக இருந்தால் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு நடையைக் கட்டியிருப்பேன். கட்டியிருந்தது பட்டு. அதுவும் என்னுடையது இல்லை, அக்காவுடையது.

மாட்டிய பட்டை இழுக்கக் கூடாது என்பது வீட்டுக்கு வீடு தறி ஓடும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பிறந்த குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆணியில் மாட்டினாலும் கதவுக் கொக்கியில் மாட்டினாலும் அப்படியே சிலையாக நின்றுவிடுவோம். யாராவது வந்து எடுத்துவிட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ஒரு இழை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் சுருக்கிக்கொண்டு போய்விடும்.

ஆகவே நின்றேன். என்னோடு வந்தவர்கள் வெகு தூரம் முன்னால் போயிருந்தார்கள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் காட்டில் சத்தம் போடக் கூடாது என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள். காலையிலிருந்து நான் போட்ட சத்தத்துக்கே எல்லோரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எங்கேயோ வெட்பாலை பூத்திருக்க வேண்டும், மரம் தெரியவில்லை, வாசனை மட்டும் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். தணிகாசலம் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்கிறேனா, இல்லையா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்று சொல்லும் முடிவோடுதான் அந்தக் காட்டுக்கே வந்திருந்தேன்.

கோயிலில் இடமில்லை

போன வாரம் இந்தப் பத்தியில், வகுப்பில் நான் நடந்துகொண்டே கணக்குப் பாடம் எடுப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, உங்களால் ஓரிடத்தில் நிற்கவே முடியாதா என்று கேட்டிருக்கிறார். முடியாதும்மா. என் மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘நாடா’. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் ஓடுமே, அந்த நாடா. நெசவுக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு என்ன தோன்றும்? பெயரைக் கேள்விப்பட்டு எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டேதான் காட்டினேன்.

எங்கள் காஞ்சிபுரத்தில் பெண் பார்ப்பதை வீட்டில் தொடங்க மாட்டார்கள். முதலில் கோயில். இரண்டு குடும்பமும் ஒரே நேரத்துக்கு ஒரே கோயிலுக்குப் போகும். கொடிமரத்துக்குப் பக்கத்தில் ‘அட, நீங்களும் வந்திருக்கீங்களா’ என்று இரண்டு தரப்பும் ஆச்சரியப்பட வேண்டும். பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டோம், பிரசாதம் வாங்கினோம், வீட்டுக்கு வந்தோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. நல்ல ஏற்பாடுதான், இருபது வயதில்.

நாற்பதைத் தாண்டியவளுக்கு, அதுவும் இரண்டாம் கல்யாணத்துக்கு, இந்த ஊரில் எந்தக் கோயிலும் உதவாது. ஒரு கோயிலில் பூ விற்பவர் என் பழைய மாணவனின் அம்மா. இன்னொன்றில் செருப்பு பார்த்துக்கொள்பவர் அக்கா கணவரின் சிநேகிதர். தெருவுக்கு ஒரு கோயில் இருந்து என்ன பிரயோஜனம், எல்லாவற்றிலும் தெரிந்த முகம். போதாக்குறைக்குப் பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போன சொந்தமெல்லாம் திரும்பி வந்திருந்தது.

யோசனை சொன்னவர் ஜெயசீலி டீச்சர். எங்கள் பள்ளியில் உயிரியல் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேனில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பறவை பார்க்கப் போவார். தணிகாசலம் அவர்களில் ஒருவர். திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பம். வாலாஜாபாத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மனைவி தவறிப்போய்ச் சில வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் டீச்சர்தான்.

“பொண்ணு பார்க்கற மாதிரியே இருக்காது மல்லிகா. குருவி பார்க்கற மாதிரிதான் இருக்கும்” என்றார்.

நாங்கள் வேறு சாதி, அவர்கள் வேறு சாதி. முதல் கல்யாணத்தின்போது ஏழு தலைமுறைக்குப் பூர்வீகம் விசாரித்த என் சித்தப்பாக்கள், இந்த முறை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. வாழாவெட்டிக்கு வந்ததே பெரிது என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது.

அக்காவின் புடவை

மண் நிறத்தில் பழைய சுடிதார் ஏதாவது போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டீச்சர். பளபளப்பாக எதுவும் இருந்தால் பறவைகள் பறந்துவிடுமாம். இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

தேவகி அக்கா எனக்கு மூத்தவள். மாமா பட்டு நெய்கிறார். அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் இருக்கிறேன்.

“பொண்ணு பார்க்கறதுக்கு சுடிதாரா? தறி ஓடற வூட்ல இருந்துக்கினு பட்டு இல்லாம போனியானா நாளிக்கி என்னாத்தான் பேசுவாங்க” என்றாள்.

காடு, முள், வெயில் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் பீரோவின் அடியிலிருந்து ஒரு புடவையை எடுத்து வந்தாள். காப்பிப்பொடி நிறம், ஒல்லியான கரை. மண் நிறம்தானே, பட்டு என்பது குருவிக்கு எப்படித் தெரியும் என்பது அவள் வாதம். முந்தானை முழுக்க ஜரிகை இருந்ததை இரண்டு பேரும் கவனித்தோம், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாமாவின் தறியிலிருந்து எத்தனையோ கல்யாணப் புடவைகள் இறங்கிப் போயிருக்கின்றன. அக்காவுக்கென்று அவர் நெய்தது அது ஒன்றுதான். அவள் அதை இரண்டு மூன்று விசேஷங்களுக்கு மேல் கட்டி நான் பார்த்ததில்லை. தூக்கி என் கையில் வைத்துவிட்டுச் சமையல் கட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு இஸ்திரிப் பெட்டி

இங்கே என் முதல் கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. ஒரு தீபாவளிக்கு என் புதுப் புடவைக்குத் தானே இஸ்திரி போடுவதாக ஆசையாக எடுத்தார். நடுவில் போன் வந்தது. பெட்டியைப் புடவை மேலேயே வைத்துவிட்டுப் பேசப் போனார். திரும்பி வந்தபோது பெட்டியின் உருவம் அப்படியே தீய்ந்து பதிந்திருந்தது. “இவ்ளோ லேசான துணிய எதுக்கு வாங்கின?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி நம்பினார்.

எல்லாமே அப்படித்தான். அவர் வண்டியைக் கதவில் இடித்தால், கதவை நான் சரியாகத் திறந்து வைக்கவில்லை. அவர் சாவியைத் தொலைத்தால், நான் நினைவுபடுத்தவில்லை. சிரிப்பாகத்தான் இருக்கும், கேட்கிறவர்களுக்கு. வருடக்கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு என்ன ஆகும் தெரியுமா? கேஸை மூடினேனா என்று போய்ப் பார்ப்பாள். விளக்கை அணைத்தேனா என்று மறுபடி போவாள். எங்கே என்ன உடையப்போகிறதோ, அதற்குள் ஓடிப்போய்ப் பிடித்துவிட வேண்டும் என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவாள். நான் நாடாவாக ஆனது அந்த வீட்டில்தான். வீட்டை விட்டு வந்த பிறகும் கால் நிற்கவில்லை.

பிரிவதென்று ஆனபோது பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அடித்தானா, குடித்தானா, வேறு பெண் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு என்னதான் குறை என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியவர்கள் முன்னால் வாயே திறக்காத என் அக்கா, கதவோரத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

“ஒரு நாளாவது, ஒரு டம்ளர் ஒடஞ்சாலாவது, நான்தான் ஒடச்சேன்னு அந்த மனுசன் வாயால வந்திருந்தா இவ இருந்திருப்பா.”

யாருக்கும் அது விளங்கவில்லை. இது ஒரு காரணமா என்றார்கள். எனக்கு மட்டும் விளங்கியது.

குருவிகள் என்னைப் பார்த்தன

சரி, காட்டுக்கு வருகிறேன்.

பாலாற்றுப் பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனால் ஒரு காப்புக்காடு. காடு என்றதும் பெரிய மரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆளுயரப் புதர்கள், நடுநடுவே வேம்பு, நுணா, வெட்பாலை. வேனை விட்டு இறங்கியதுமே ஒரு பனங்காடை பட்டுப்போன கிளையில் உட்கார்ந்திருந்தது. சாதாரணப் பழுப்புப் பறவை என்று நினைத்தேன். அது இறக்கையை விரித்ததும் உள்ளே அப்படி ஒரு நீலம். “அய்யோ, அங்க பாருங்க” என்று கத்திவிட்டேன். எல்லோரும் பார்ப்பதற்குள் போய்விட்டது.

அடுத்தது ஒரு கொண்டலாத்தி. தரையில் கொத்திக்கொண்டிருந்தது. நன்றாகப் பார்க்கலாம் என்று நாலடி முன்னால் போனேன். முந்தானை ஜரிகை வெயிலில் பளிச்சென்று அடித்தது. கொண்டையை விசிறி மாதிரி விரித்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தது. முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொன்னார் டீச்சர். செருகினேன், அவிழ்ந்தது, மறுபடி செருகினேன்.

பறவைகள் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை என்று பூக்களின் பக்கம் திரும்பினேன். பூவாவது ஓடாமல் இருக்கும். கல் இடுக்கில் விஷ்ணுகிராந்தி பூத்திருந்தது, சட்டைப் பொத்தான் அளவு நீலம். ஆவாரை மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. நுணா மரத்தடியில் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்திருந்தன, எடுத்து முகர்ந்தால் மல்லிக்குப் பக்கத்தில் வருகிற மணம். ஒரு கொன்றை அப்போதுதான் முதல் கொத்தைத் தொங்க விட்டிருந்தது. ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பார்த்தேன், அடுத்ததற்கு ஓடினேன்.

நடுநடுவே தணிகாசலத்தையும் பார்த்தேன். குறை தேடினேன் என்பதுதான் சரி. கறுத்த, உயரமான மனிதர். பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு சட்டை. வணக்கம் சொன்னார், சாப்பிட்டீர்களா என்று கேட்டார், அவ்வளவுதான். ஒரு புதருக்கு முன்னால் நின்றால் நின்றபடியே இருந்தார். உள்ளே ஏதோ கௌதாரி கத்தியதாம், அது வெளியே வருமாம். எனக்குக் கால் அரித்தது. இவர் கடையிலும் இப்படியே நின்றால் வயலுக்குத் தண்ணீர் எப்போது பாயும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஒரு காரணம் போதும், அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வேன் கதவைக் கடைசியாகச் சாத்தியவள் நான். சரியாகச் சாத்தினேனா? உள்ளே எல்லோருடைய பைகளும் இருந்தன. ஏதாவது தொலைந்தால்? யாரிடமும் சொல்லாமல் திரும்பினேன். வந்த பாதை சுற்று என்று தோன்றியது, புதர்களுக்கு நடுவே குறுக்கே புகுந்தேன். சூரை அங்கேதான் காத்திருந்தது.

நின்றபோது வந்தது

முதலில் மனதுக்குள் எல்லோரையும் திட்டினேன். அக்காவை, டீச்சரை, பட்டை, பறவைகளை. முந்தானையோடு சேர்த்து வலது கையையும் முள் பிடித்திருந்தது, கையைத் தூக்க முடியவில்லை. வேன் கதவு நினைவாகவே இருந்தது. யாராவது வந்து, ஏன் இங்கே வந்தாய், உன்னை யார் வரச் சொன்னது என்று கேட்பார்கள் என்று பதிலை ஒத்திகை பார்த்தேன்.

யாரும் வரவில்லை. ஒத்திகையும் தீர்ந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று கச்சாமுச்சாவென்று சண்டை போட்டுக்கொண்டு என் காலடி வரைக்கும் வந்தது. என்னை ஒரு செடியாகத்தான் நினைத்திருக்கும். அவை போன பிறகு சருகு புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பாம்போ என்று பயந்துபோய்க் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன்.

ஒரு குட்டைவால் குருவி. முதுகு பச்சை, தோளில் நீலம், கண்ணில் பட்டையாக மை, வயிறு சந்தன நிறம், அதற்குக் கீழே குங்குமச் சிவப்பு. மாமாவிடம் இத்தனை நிறத்தை ஒரே புடவையில் கேட்டால் துரத்திவிடுவார். தத்தித் தத்தி வந்து ஒரு இலையைப் புரட்டியது, அடியில் பார்த்தது, அடுத்த இலைக்குப் போனது. அக்காவின் கொசுவத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று ஒரு புழுவை விழுங்கியது. அதற்கு அவசரமே இல்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கென்று அப்போது தெரியவில்லை. துடைக்கக் கையைத் தூக்க முடியாததால் அது பாட்டுக்கு வழிந்தது. எத்தனை வருடமாயிற்று இப்படிச் சும்மா நின்று! நான் நின்றுவிட்டேன், எதுவும் உடையவில்லை, யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தக் குருவி எத்தனை நேரம் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. புதருக்குள் நுழைந்து போய்விட்டது.

அது போன பிறகுதான் ஒரு வேப்ப மரத்தடியில் தணிகாசலம் நிற்பதைப் பார்த்தேன். என்னைக் காணாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். குருவியைப் பார்த்ததும், அது முடித்துவிட்டுப் போகட்டும் என்று நின்றிருக்கிறார்.

“ஆறுமணிக்குருவிங்க. இன்னும் கொஞ்ச நாள்ல வடக்க கெளம்பிடும். நான் இவ்ளோ கிட்ட பார்த்ததே இல்ல” என்றார்.

என் கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்து கொசுவத்திலிருந்து தொடங்கினார். காயில் கட்டுகிற விரல்கள்தான், ஆனால் பட்டுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு முள்ளாக, துணியை முள்ளின் பக்கமே தள்ளி, எடுத்தார். கொசுவம் விடுபட்டது. கை விடுபட்டது. முந்தானையில் கடைசி முள் ஒன்று ஜரிகைக்குள் ஏறியிருந்தது. அதை எடுக்கும்போது ‘பட்’டென்று ஒரு சின்னச் சத்தம். எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தத்துக்கு விளக்கம் வேண்டாம்.

யோசிப்பதற்கு முன்பே என் வாய் சொல்லிவிட்டது.

“நான்தாங்க ஆடிட்டேன்.”

அவர் அறுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இல்லீங்க. நீங்க அசையவே இல்ல. நான்தான் அவசரப்பட்டு இழுத்துட்டேன்.”

முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். இரண்டு பேரும் பாதைக்கு வந்து சேர்ந்தோம். வேன் கதவு நினைவே எனக்கு வரவில்லை என்பதை, வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் கவனித்தேன். அது சாத்தித்தான் இருந்தது.

டீக்கடையில் வந்த போன்

திரும்பும் வழியில் பாலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். அக்காவின் போன் வந்தது. நான் கூட்டத்தை விட்டுத் தள்ளி, புளியமரத்தடிக்குப் போனேன். தணிகாசலம் வீட்டுப் பெரியவர்கள் சாயங்காலம் வந்துவிடுவார்கள், என்ன சொல்வது என்று கேட்டாள். பின்னால் மாமாவின் தறி ஓடும் சத்தம் கேட்டது.

அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், “அக்கா, உன் பொடவைல ஒரு எழ அறுந்துடுச்சு” என்றேன். “முந்தானைல. ஜரிக.”

அவளுக்கென்று மாமா நெய்த ஒரே புடவை.

“எப்டி அறுந்துது?”

“முள்ளுல மாட்டிக்கிச்சு. அவரு எடுத்துவிட்டாரு. அப்ப அறுந்துது.”

“நீ ஆடியிருப்ப. ஒரு எடத்துல நிப்பியா நீ?”

“நானும் அப்டித்தான் சொன்னேன். அவரு இல்லன்னாரு. நீங்க அசையவே இல்ல, நான்தான் இழுத்துட்டேன்னாரு.”

“அவரே சொன்னாரா?”

“அவரேதான் சொன்னாரு.”

தறியின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. போன் துண்டிக்கப்பட்டதோ என்று பார்த்தேன், இல்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு மாமாவைக் கூப்பிட்டாள். மூடியும் எனக்குக் கேட்டது.

“தறிய நிறுத்திட்டு எழுந்து வாங்க. அவங்க வூட்டுக்குச் சரின்னு சொல்லிடணும்.”

என்னை அவள் கேட்கவில்லை. இன்னும் என்னைக் கேட்கவில்லையே என்று நானும் சொல்லவில்லை. புளியமரத்தில் சாய்ந்து, டீ ஆறிப்போகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.